மெரூன் நிற முட்டி உறை

மேஜையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமா. அவருக்கு எதிரே, சமையலறைக்கு எழுந்து போக வசதியான இடத்தில், அத்தை. அத்தைக்கு இடது கைப் பக்கம் பந்து. பந்துவுக்கு நேர் எதிரே ஸ்கேல். ஐந்தாவது நாற்காலியில் சணல் கயிறு கட்டிய ஒரு காகிதப் பார்சல்.

மாமா, பந்துவின் தாய்மாமா. லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நகரத்தில் எந்த லிஃப்டும் மேலே போகும். அத்தை தையல் பள்ளியில் டீச்சர். பந்து அவர்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். உடம்பைப் பார்த்து வந்த பெயர் இல்லை அது. உருண்டையாக எதைப் பார்த்தாலும் உதைப்பான் என்பதால் பள்ளியில் வைத்த பெயர். ஸ்கேல் அவனுடைய பழைய பெஞ்சுத் தோழன். செமஸ்டர் லீவுக்குப் பத்து நாள் தங்குவதாகச் சொல்லி, அன்று காலை பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கியவன். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்கவில்லை. நிலைப்படியில் குனிந்து நுழைந்தபோதே புரிந்துவிட்டது.

ஸ்கேலால் நாற்காலியில் நிலையாக உட்கார முடியவில்லை. மாமாவின் தலைக்கு நேர் மேலே, ஜன்னல் வழியாக, அந்த நாற்பத்தோரு மாடிக் கோபுரம் தெரிந்தது. அதன் காலண்டர் படத்தை வெட்டித் தன் பெட்டி மூடிக்குள் இரண்டு வருடமாக ஒட்டி வைத்திருந்தான். இப்போது அசல் கோபுரம், மாமாவின் உச்சந்தலையில் முளைத்தது போல நின்றது. மாமா தலையை அசைக்கும்போதெல்லாம் இவனும் அசைந்து அசைந்து பார்த்தான்.

சந்தோஷத்துக்கு ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது.

பள்ளியின் கடைசி நாளன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் கையடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள். மாதம் ஒரு கடிதம், அதுவும் சொந்தக் கையால். ஏமாற்றினால் ஆயுசுக்கும் காய். வெளியூருக்குப் போன் பேசக் கடையில் வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. இருபத்திரண்டு மாதமாகக் கடிதம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால், அவற்றில் ஒன்றைக்கூட ஸ்கேல் எழுதவில்லை.

முதல் மாதமே வாலிபால் விளையாட ஓடும் அவசரத்தில், "அம்மா, நான் எழுதற மாதிரி ரெண்டு வரி நீயே போட்டுடேன்" என்றான். இரண்டு வரி எழுத உட்கார்ந்த அம்மா நான்கு பக்கம் எழுதினாள். பதிலும் நான்கு பக்கத்துக்கு வந்தது. அதற்கு இவள் ஐந்து பக்கம். பதில்களையாவது ஸ்கேல் படித்தானா என்றால், அதுவும் இல்லை. "உன் சிநேகிதன் எவ்வளவு அருமையா எழுதறான், படிடா" என்பாள் அம்மா. "அப்புறம் படிக்கிறேன்" என்பான். ஊருக்குக் கிளம்பும்போது மொத்தக் கட்டையும் கையில் கொடுத்து, "பஸ்ஸிலயாவது படிச்சுடு. இல்லேன்னா போன இடத்துல முழிப்பே" என்று சொல்லித்தான் அனுப்பினாள். கட்டு இப்போது ஊரில், அவன் கட்டில் மேல், பத்திரமாக இருந்தது.

"பார்சல்ல என்ன தம்பி?" என்றாள் அத்தை.

"அம்மா கட்டிக் கொடுத்தாங்க அத்தை. பந்து கேட்டிருந்தான்ல."

"நானா?" என்றான் பந்து.

"கேட்டியே," என்றாள் அத்தை, சற்று வேகமாக.

பந்து அத்தையைப் பார்த்தான். "ஆமா ஆமா. கேட்டேன்."

கயிற்றை அவிழ்த்தான். உள்ளே மெரூன் நிறக் கம்பளி நூலில் பின்னிய இரண்டு முட்டி உறைகள். பந்து ஒன்றை எடுத்து, கையுறையா குல்லாயா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விரலை விட்டுப் பார்த்தான்.

"சொன்னபடியே மெரூன்," என்றாள் அத்தை. அவள் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. "நூல் கிடைச்சுடுச்சு, நானே என் கையால பின்னி எடுத்துட்டு வர்றேன்னு எழுதியிருந்தியே. நீயே பின்னினதா தம்பி?"

அம்மா எழுதும்போது பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறாள், மற்றதெல்லாம் தன் கதையையே எழுதியிருக்கிறாள் என்பது ஸ்கேலுக்கு அந்த நொடியில் விளங்கியது.

"நான்தான் அத்தை," என்றான்.

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "யாருக்கு முட்டி வலி?"

பந்து மறுபடி அத்தையைப் பார்த்தான்.

"எனக்குத்தான் மாமா."

"நேத்து மூணு கோல் போட்டியே?"

"மூணாவது கோல்லதான் பிடிச்சுக்கிச்சு."

"நேத்துப் பிடிச்ச வலிக்கு இவன் போன மாசமே பின்ன ஆரம்பிச்சானா?"

"போன மாசமும் மூணு கோல் போட்டேன் மாமா."

பேச்சை மாற்றுவது நல்லது என்று ஸ்கேல் நினைத்தான். "மாமா, அந்தக் கோபுரத்து உச்சிக்கு நம்மள விடுவாங்களா?"

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "அதை ஏன்டா கேட்கறே? வெளியாளை விடமாட்டாங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு என்கூட வந்தா உண்டு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். உங்க ரெண்டு பேருக்கும் அனுமதிச் சீட்டுகூட எழுதி வாங்கிட்டேன். உங்க அத்தைதான் வேண்டாம்னுட்டா. உனக்கு உயரம் ஆகாதாமே."

"எனக்கா?"

"பல்ப் மாட்ட ஸ்டூல் மேல ஏறினேன், தலை சுத்தி அலமாரியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன்னு எழுதியிருந்தியே," என்றாள் அத்தை. "படிக்கும்போது எனக்கே பதறிப்போச்சு."

மாமா ஸ்கேலை மேலிருந்து கீழ்வரை அளந்தார். அளக்க நேரம் பிடித்தது. "இவனுக்கு எதுக்கு ஸ்டூல்?"

"எங்க வீட்டு பல்ப் கொஞ்சம் உயரம் மாமா," என்றான் ஸ்கேல் பலவீனமாக.

"அதனால நாளைக்கு உன்னை நூல் கடைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அத்தை. "பட்டன் மட்டுமே விக்கிற கடை பதினொண்ணு இருக்கு. எல்லாத்தையும் நின்னு நிதானமாப் பார்க்கணும்னு எவ்வளவு ஆசையா எழுதியிருந்தே."

இந்த வீட்டில் வருகிற கடிதத்தையெல்லாம் சத்தமாகப் படிப்பார்கள் போலிருக்கிறது என்று ஸ்கேல் நினைத்துக்கொண்டான். கோபுரம் மாமாவின் தலைக்கு மேல் வெயிலில் மின்னியது. அதற்கும் அவனுக்கும் நடுவில் பதினொரு பட்டன் கடைகள் வந்து நின்றன. அந்தக் கடிதங்களை நான் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கோபுரம் கிடைக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் மாதா மாதம் நான்கு பக்கம் தன் கையால் எழுதியவன். அவன் ஆயுசுக்கும் காய் விட்டுவிடுவான்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை தேநீர் கொண்டுவந்தாள். "உனக்கு மட்டும் சர்க்கரை போடலை. விட்டு எட்டு மாசம் ஆச்சே."

ஸ்கேல் அதை மருந்து போலக் குடித்தான்.

நண்பர்கள் இருவரும் பால்கனிக்குப் போனார்கள். நான்காவது மாடி. கீழே தெரு ஜேஜே என்றிருந்தது. பந்து நொண்டிக்கொண்டு வந்தான்.

"எந்தக் கால்டா?"

"வலது."

"இப்போ இடதுல நொண்டறே."

"மாறி மாறி வரும்."

பந்து தொண்டையைச் செருமினான்.

"டேய், இந்த முட்டி வலியைப் பத்தி நான் என்னென்ன எழுதியிருந்தேன்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"எல்லாமே ஞாபகம் இருக்கு."

"சும்மா ஒண்ணு ரெண்டு சொல்லேன்."

"எதைன்னு சொல்றது? அவ்வளவு எழுதியிருந்தே. சரி, நான் எழுதினதுல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

பந்து வெகுநேரம் யோசித்தான். "மொத்தமாவே பிடிச்சிருந்தது."

எவ்வளவு பெருந்தன்மையானவன், இவனையா ஏமாற்றினோம் என்று ஸ்கேல் நினைத்தான். ஆனாலும் கோபுரத்தை விட மனசு வரவில்லை. உள்ளே போய் மாமாவின் முன் நின்றான்.

"மாமா, எனக்குத் தலை சுத்தல் சரியாயிடுச்சு."

"எப்போ?"

"பல்ப் மாட்டின மறுநாளே. அதைக் கடிதத்துல எழுத மறந்துட்டேன்."

மாமா எதையும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். அவனைப் பால்கனிக்கு அழைத்துப்போய், "கீழே பாரு" என்றார். ஸ்கேல் கீழே பார்த்தான். போதாது என்று இடுப்புவரை கைப்பிடிச் சுவருக்கு வெளியே சரிந்து, எதிர்க்கடைப் பலகையைத் தலைகீழாக வாசித்துக் காட்டினான். மாமா அவன் பேண்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

"பாஸ்," என்றார். அவருக்கும் சந்தோஷம்தான். "காலையில ஏழரைக்குக் கிளம்பறோம்."

"யாரு?" என்று கேட்டுக்கொண்டே அத்தை வந்தாள். "லிஃப்ட் முப்பத்தொன்பதாவது மாடியோட நின்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு மேல இரும்புப் படி. முட்டி வலிக்காரனை எப்படி ஏத்துவீங்க? நாலு படி ஏறினா உயிர் போகுதுன்னு இவன் எழுதினதை நீயும் படிச்சிருக்கே இல்ல தம்பி? அவனை விட்டுட்டு நீ மட்டும் போவியா?"

போகலாம் என்று சொல்ல ஸ்கேலுக்கு வாய் வரவில்லை. பந்துதான் முன்னால் வந்தான். கோபுரத்துக்குக் கீழேயே இரண்டு வருடம் இருந்தும் அவனும் அதன் உச்சியைப் பார்த்ததில்லை.

"அத்தை, வலி போயிடுச்சு." நின்ற இடத்தில் மூன்று முறை குதித்தான். பேண்ட்டுக்கு மேலேயே இரண்டு உறைகளையும் மாட்டியிருந்தான். "இதை மாட்டினேன். போயே போச்சு."

"அரை மணி நேரத்துலயா?"

"அரை மணிகூட ஆகலை."

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று இருவரும் நினைத்தார்கள். அத்தை அவர்களை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், ஒரு கூடை நிறையக் கம்பளி நூல் உருண்டைகளும் இரண்டு நீள ஊசிகளும் கொண்டுவந்து ஸ்கேலின் மடியில் வைத்தாள்.

"எங்க பள்ளியில பன்னிரண்டு டீச்சர். மெஷின் பெடலை மிதிச்சு மிதிச்சு ஒருத்தருக்கும் முட்டி நல்லா இல்லை. டாக்டரால முடியாததை நீ அரை மணியில பண்ணியிருக்கே. முதல் நாலு வரிசை மட்டும் போட்டுக் காட்டு தம்பி, மிச்சத்தை நான் பார்த்துப் பிடிச்சுக்கறேன்."

ஸ்கேல் ஊசியைக் கையில் எடுத்தான். திருப்புளியைப் பிடிப்பது போலப் பிடித்தான். அத்தையின் பார்வை அவன் விரல்களில் வந்து நின்றது.

"எனக்கு யாராவது பார்த்துக்கிட்டிருந்தா கை வராது அத்தை," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். பந்து கதவைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நுழைந்தான். தாழ் போடவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து நிலவரம் இதுதான்: ஒரு ஊசி நாற்காலிக் காலில் குத்தி நின்றது. இன்னொன்றைக் காணவில்லை. நூல் கட்டிலைச் சுற்றி, ஸ்கேலின் இரண்டு முழங்கையையும் சுற்றி, கதவுக் கொண்டிவரை போய்த் திரும்பியிருந்தது. பின்னல் என்று சொல்லும்படி ஒன்றும் உருவாகவில்லை. முடிச்சுகள் ஏராளம்.

"நீ பின்னும்போது இப்படித்தான் ஆரம்பிப்பியா?" என்று பந்து மரியாதையாகக் கேட்டான்.

"ஆரம்பம் இப்படித்தான் இருக்கும். போகப் போகத்தான் தெரியும்."

"அந்த உருண்டையைக் கொஞ்சம் எடுத்துக் கொடு," என்று ஸ்கேல் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. பச்சை நூல் உருண்டை தரையில் உருண்டு பந்துவின் காலடியில் வந்து நின்றது. உருண்டையாக ஒன்று காலடியில் வந்து நின்றால் பந்துவால் யோசிக்க முடியாது. கால் தானாகப் போய்விட்டது.

உருண்டை கதவுக்கு அடியில் முட்டி, கதவைத் திறந்து, ஹாலில் மாமா விரித்து வைத்திருந்த செய்தித்தாளை உரசிக்கொண்டு போய், பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, நான்கு மாடி கீழே இறங்கியது. அங்கே ஒரு பேக்கரி வேன் நின்றுகொண்டிருந்தது. உருண்டை அதன் கூரைக் கம்பியில் போய்ச் சிக்கியது. வேன் கிளம்பியது.

முழங்கையில் சுற்றியிருந்த நூல் சரசரவென்று ஓட ஆரம்பித்தது. ஸ்கேல் நூலோடு அறையைவிட்டு வெளியே வந்தான், ஹாலைக் கடந்தான், மாமாவைத் தாண்டினான். பால்கனிச் சுவரில் மோதி நின்றபோது நூல் அறுந்தது. பச்சை வால் ஒன்று காற்றில் பறக்க, பேக்கரி வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"நல்ல கோல்," என்றார் மாமா.

அத்தை ஓடி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்கேல் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "சுளுக்கிடுச்சு அத்தை. இனி பத்து நாளைக்கு ஊசியைத் தொட முடியாது."

அத்தை தைலம் தடவி, தையல் பள்ளி நேர்த்தியோடு வலது கையைத் துணியால் சுற்றிக் கட்டினாள். அவ்வளவு பதமாகக் கட்டியதில் ஸ்கேலுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு துள்ளல். தலை சுற்றல் தீர்ந்தது, முட்டி வலி தீர்ந்தது, பின்னல் தொல்லையும் தீர்ந்தது. இனி கோபுரம்தான்.

"பத்திரமா வந்து சேர்ந்தேன்னு அம்மாவுக்கு ரெண்டு வரி போடணுமே," என்றாள் அத்தை. "கீழே இருக்கிற பெட்டியில அஞ்சு மணிக்குத் தபால் எடுப்பாங்க. உனக்குக் கை முடியாது. பந்து, நீ எழுதிடு."

பந்து மின்சாரத்தைத் தொட்டவன் போல நகர்ந்தான். "நானா? என் எழுத்தையா? அவங்க அம்மாவுக்கா? வேண்டாம் அத்தை. நீங்களே எழுதிடுங்க."

அத்தையும் ஏனோ பேனாவை எடுக்கவில்லை. "நான் எழுதினா நல்லா இருக்காது," என்று தாளை மேஜையில் வைத்தாள்.

ஸ்கேல் காதில் இதெல்லாம் முழுதாக விழவில்லை. ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. நாளை காலை எட்டு மணிக்கு அதன் உச்சியில் நிற்கப் போவதை அம்மாவிடம் உடனே சொல்லியாக வேண்டும் போலிருந்தது. பேனாவை எடுத்தான், உட்கார்ந்தான், எட்டு வரி மளமளவென்று எழுதினான். கையெழுத்தையும் போட்ட பிறகுதான் கவனித்தான். கட்டுப் போட்ட வலது கையாலேயே எழுதியிருந்தான்.

அத்தை தாளை எடுத்தாள். கோழிக் கிறுக்கல். வரிகள் மாடிப்படி ஏறுவது போல மேலே மேலே போயிருந்தன. அவள் அதைப் படிக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தன் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, நாடா கட்டிய ஒரு கடிதக் கட்டை எடுத்தாள். மேலே இருந்த கடிதத்தை உருவி, இரண்டையும் அருகருகே வைத்தாள்.

அதில் அம்மாவின் முத்து முத்தான எழுத்து. ஸ்கேலுக்குப் பந்து பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

"அத்தை, நான் வந்து..."

"பேசாதே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். யாரும் பார்க்காதபடி இடது கையால் மறைத்துக்கொண்டாள். நடுவில் ஒருமுறை தனக்குள் சிரித்தாள். ஒருமுறை கண்ணைத் துடைத்தாள். பக்கம் தீர்ந்ததும் இன்னொரு தாள் எடுத்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிஷம் ஆனது. மடித்து உறைக்குள் போட்டு, பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டினாள். தபால்தலையை நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒட்டினாள்.

"ஏங்க," என்றாள் மாமாவிடம், "நாளைக்கு ரெண்டு பேரையும் உச்சிக்கே கூட்டிட்டுப் போங்க. இவனுக்குத் தலையும் சுத்தாது, அவனுக்கு முட்டியும் வலிக்காது."

"பட்டன் கடை?" என்றான் ஸ்கேல் மெல்ல.

"அது உனக்கு வேண்டாம். பந்து, அந்த முட்டி உறை ரெண்டையும் கழட்டிக் கொடு."

பந்து கழற்றிக் கொடுத்தான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. அது ஏன் என்று ஸ்கேலுக்குப் புரியவில்லை. அத்தை உறைகளைத் தட்டி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான்கு பேரும் லிஃப்டில் இறங்கினார்கள். கட்டட வாசலில் தபால் பெட்டி. தபால்காரர் சாக்குப் பையோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அத்தை கடித உறையைப் பெட்டிக்குள் விட்டு, விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு ஸ்கேலின் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த லீவுக்கு உங்க அம்மாவை அனுப்பு தம்பி. ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டிருக்கோம், இன்னும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை."